நீர்த்தெள்ளுகள் நெருக்கடியை எதிர்கொள்வது எப்படி: பழகிக்கொள்ளலா, பரிணாமமா?

குளங்களிலும் ஏரிகளிலும் வாழும் சிற்றுயிர்களான நீர்த்தெள்ளுகள் பெரும்பாலும் ஆண் துணையின்றித் தாயின் மரபணு நகல்களாகவே பிறக்கின்றன. அப்படியிருக்க, நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும், உப்போ நச்சோ கூடினாலும், வெப்பம் ஏறினாலும், எதிரி வந்து சேர்ந்தாலும் அவை எப்படிப் பிழைத்துக்கொள்கின்றன? அந்தத் தாங்குதிறன் ஒவ்வொரு உயிரும் தன் வாழ்நாளில் பழகிக்கொள்வதா, பரிணாமத்தின் வழியே வந்ததா? இதுதான் கேள்வி.

இரண்டும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, தாய் தன் குஞ்சுகளை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துகிற மூன்றாவது வழியும் உண்டு. இம்மூன்றும் வெவ்வேறு கால அளவுகளில் நடப்பவை: உடல் மாற நாள்கள் போதும், தாயின் ஏற்பாட்டுக்கு ஒரு தலைமுறை வேண்டும், இனக்கூட்டத்தின் மரபணுக் கலவை மாறப் பல தலைமுறைகள் ஆகும். ‘தகவமைப்பு’ என்ற ஒரே சொல்லால் மூன்றையும் குறிப்பதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன என்பது என் எண்ணம். ஆகவே ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, அவை எங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு வருகிறேன்.

முதலில் உயிரைப் பற்றிச் சிறிது. பெயரில் தெள்ளு இருந்தாலும் இது பூச்சி அன்று. இறால், நண்டு ஆகியவற்றின் உறவான ஓட்டுடலி. டாஃப்னியா என்ற பேரினத்தைச் சேர்ந்த இவை பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. குளத்திலும் ஏரியிலும் மிதக்கும் நுண்பாசிகளைக் கால்களின் மெல்லிய மயிர்ச் சல்லடையால் வடிகட்டித் தின்கின்றன. தாங்களோ சிறு மீன்களுக்கும் பூச்சி லார்வாக்களுக்கும் இரையாகின்றன. உடல் ஒளிபுகும் தன்மை கொண்டது என்பதால், எளிய நுண்ணோக்கியிலேயே இதயம் துடிப்பதையும், குடலில் பச்சை நகர்வதையும், முதுகுப்புறத்து அடைகாப்புப் பையில் கருக்கள் வளர்வதையும் உயிரோடு காணலாம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நல்ல உணவு கிடைத்தால், பிறந்த ஒன்றரை வாரத்துக்குள் பெண் தெள்ளு முதல் ஈட்டை, அதாவது ஒரே தடவையில் பிறக்கும் குஞ்சுகளை, பெற்றுவிடும். அதன்பின் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஈடுகள். ஒரு தாயின் வழியே ஆயிரக்கணக்கான மரபணு நகல்களைப் பெற முடிவதுதான் இந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படை. ஒரே மரபணுவைக் கொண்ட உடன்பிறப்புகளை இரண்டு வகை நீரில் வளர்த்து, அவற்றுக்குள் வேறுபாடு தோன்றினால், அந்த வேறுபாட்டுக்குச் சூழலே காரணம் என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

ஆக்சிஜன் குறைவு இதற்கு எளிய எடுத்துக்காட்டு. தேங்கிய குளத்தில் இலைதழை மட்கி ஆக்சிஜன் குறையும்போது, நிறமற்றிருந்த நீர்த்தெள்ளுகள் சில நாள்களில் சிவந்துவிடுகின்றன. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். நம் உடலில் அது சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நீர்த்தெள்ளின் உடல்நீரில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. ஆக்சிஜன் குறைவில் அதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் உயரக்கூடும். அளவு மட்டுமன்றித் தரமும் மாறுகிறது: புதிதாக உருவாகும் ஹீமோகுளோபினின் துணைக்கூறுகள் வேறு கலவையில் அமைந்து, ஆக்சிஜனை முன்னிலும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. இந்த மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம், நம் உயிரணுக்கள் ஆக்சிஜன் பற்றாக்குறையை உணரப் பயன்படுத்தும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. உயிரணுக்கள் ஆக்சிஜனை உணரும் அந்த வழிமுறையைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆக்சிஜன் மீண்டும் நிறைந்தால் நிறம் வெளுத்துவிடும். எப்போதும் சிவப்பாகவே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அந்தப் புரதத்தைச் செய்ய உணவு செலவாகிறது. அதைவிட, சிவந்த உடல் மீனின் கண்ணுக்கு எளிதில் தெரிகிறது. தேவைப்படும்போது மட்டும் சிவப்பது இந்த இரண்டு இழப்புகளையும் தவிர்க்கிறது.

எதிரிகளுக்கு எதிரான மாற்றங்கள் இதைவிடச் செறிவானவை. நீர்த்தெள்ளு அறிவியலில் பெயர்பெற்றதும் இவற்றால்தான். காவோபோரஸ் என்னும் கொசு போன்ற ஈயின் கண்ணாடி போன்ற லார்வா (புழுப் பருவம்) நீரில் அசையாமல் கிடந்து, அருகே வரும் சிறு தெள்ளுகளைப் பற்றி விழுங்கும். அந்த லார்வா வாழ்ந்த நீரை மட்டும் வடிகட்டி ஊற்றினால்கூட, அதில் வளரும் டாஃப்னியா பியூலெக்ஸ் இனத்தின் குஞ்சுகளுக்குப் பிடரியில் முள்போன்ற சிறு பற்கள் முளைக்கின்றன. லார்வாவின் பிடியிலிருந்து நழுவ அவை உதவுகின்றன. இந்தப் பற்கள் எளிதில் இரையாகும் இளம் பருவத்தில்தான் இருக்கும். உடல் பெருத்து லார்வாவின் வாய்க்கு அடங்காத அளவை எட்டியதும் மறைந்துவிடும். டாஃப்னியா லாங்கிசெஃபாலா என்ற இனமோ, மல்லாந்து நீந்தி வேட்டையாடும் நீர்ப்பூச்சியின் மணம் பட்டதும் தலையில் பெரிய கொண்டை ஒன்றை வளர்த்துக்கொள்கிறது. தோற்றம் இந்த அளவுக்கு மாறுவதால், முற்காலத்தில் ஒரே இனத்தின் வேறுபட்ட வடிவங்களைத் தனித்தனி இனங்களென்று கொண்டு பெயரிட்டதும் உண்டு.

எதிரி இருப்பதை நீர்த்தெள்ளு மணத்தால் அறிகிறது. அந்த மணப்பொருள்கள் எவை என்பது அண்மையில்தான் தெளிவானது. காவோபோரஸ் லார்வா வெளிவிடுவது, கொழுப்பு அமிலமும் குளுட்டமினும் இணைந்த சேர்மங்கள் என்று 2018இல் கண்டறிந்தார்கள். அவை லார்வாவின் செரிமானத்தில் பங்கேற்பவை. மீன் வெளிவிடும் பொருள் சிப்ரினால் சல்ஃபேட் என்ற பித்த உப்பு என்று 2019இல் தெரிந்தது. கொழுப்பைச் செரிக்க மீனுக்கு அது தேவை. இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் அழகான பொருத்தம் புலப்படும். தன்னை இரைக்குக் காட்டிக்கொடுக்கும் மணத்தைக் கைவிடுவது வேட்டையாடிக்கு நன்மை. ஆனால் அந்த மணம் செரிமானத்தோடு கட்டுண்டிருப்பதால் அதைக் கைவிட முடிவதில்லை. எதிரியால் கைவிட முடியாத அடையாளம் எதுவோ அதையே நம்பி இரை தன் உடலைக் கட்டிக்கொள்கிறது.

இனி, எதிரி யார் என்பதைப் பொறுத்து எதிர்வினை நேர்மாறாகவும் அமையும். மீன் கண்ணால் பார்த்துப் பெரிய தெள்ளுகளைத் தேர்ந்து தின்கிறது. எனவே மீன் மணம் உள்ள நீரில் தெள்ளுகள் சிறிய உடலோடு விரைவில் பருவமடைந்து முட்டையிடுகின்றன. காவோபோரஸ் சிறியவற்றைத்தான் பிடிக்க முடியும்; அந்த மணத்தில் தெள்ளுகள் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு உடலைப் பெருக்குகின்றன. மீன் இருக்கும் ஏரியில் அவை பகல் முழுதும் இருண்ட ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலேறி உண்ணுகின்றன. ஆழத்தில் குளிர் அதிகம், உணவு குறைவு, ஆகவே வளர்ச்சி தாமதமாகும். மீனிடமிருந்து தப்புவதற்கு அவை கொடுக்கும் விலை அது.

இந்த வகை நெகிழ்வை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஜெர்மானிய விலங்கியலாளர் ரிச்சர்ட் வோல்டெரெக். 1909இல் அவர் வெவ்வேறு ஏரிகளின் நீர்த்தெள்ளுகளை எடுத்து, உணவின் அளவை மாற்றி மாற்றி வளர்த்து, தலைக்கவசத்தின் (தலைக்கு மேல் நீண்டு வளரும் பகுதியின்) உயரம் எப்படி மாறுகிறது என்று வரைகோடுகளாக வரைந்தார். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வளைகோடு கிடைத்தது. ஓர் உயிர் மரபாகப் பெறுவது குறிப்பிட்ட ஒரு கவச உயரத்தை அன்று. ‘இந்தச் சூழலில் இந்த உயரம், அந்தச் சூழலில் அந்த உயரம்’ என்ற முழு வளைகோட்டையே அது பெறுகிறது. அதற்கு அவர் எதிர்வினை நெறி என்று பெயரிட்டார். பழகிக்கொள்ளலா பரிணாமமா என்ற கேள்விக்கு விடையின் பாதி இங்கேயே இருக்கிறது: பழகிக்கொள்ளும் திறனே மரபணுவில் எழுதப்பட்ட ஒன்று, ஆகவே அதுவும் இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டது.

தாயின் பங்குக்கு வருவோம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், காவோபோரஸ் மணம் உள்ள நீரில் வாழ்ந்த டாஃப்னியா குக்குலாட்டா தாய்களை மணமற்ற நீருக்கு மாற்றினார்கள். எதிரியின் சுவடே இல்லாத நீரில் பிறந்த குஞ்சுகளும், அஞ்சாத தாய்களின் குஞ்சுகளைவிட உயர்ந்த தலைக்கவசத்தோடு பிறந்தன. கவசம் வளரக் காலம் பிடிக்கும் என்பதால், ஆபத்து வந்த பின் தொடங்குவது குஞ்சுக்குத் தாமதமாகிவிடும். தாய் அந்தத் தாமதத்தைக் குறைத்துக் கொடுக்கிறாள். உணவு குறைந்த காலத்தில் தாய் குறைவான எண்ணிக்கையில், ஆனால் பெரிய முட்டைகளை இடுவதும் இதே வகை. பெரிய முட்டையிலிருந்து வரும் குஞ்சு பட்டினியை நெடுநேரம் தாங்கும். நச்சுள்ள நீலப்பச்சைப் பாசியைத் தின்ற தாய்களின் குஞ்சுகள் அதே பாசியை மேலும் நன்றாகத் தாங்கியதையும் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பட்டினியில் வளரும் தெள்ளு தன் கால்களின் சல்லடைப் பரப்பைப் பெரிதாக்கி, அரிதாகிவிட்ட உணவைக் கூடுதலாக வடித்தெடுப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அது தாயின் வேலை அன்று, அந்த உயிரின் உடல் செய்துகொள்ளும் திருத்தம்.

இவையெல்லாம் போதாமல் போகும் நிலை உண்டு. குளம் வற்றும், உறைந்துபோகும், கூட்டம் அளவுகடந்து பெருகி உணவு தீர்ந்துவிடும். பகல் குறுகுதல், நெரிசல், பசி ஆகிய குறிகள் சேர்ந்து வரும்போது, அதுவரை மகள்களையே பெற்றுவந்த தாய்கள் மகன்களையும் பெறத் தொடங்குகின்றன. மகனுக்கும் மகளுக்கும் மரபணுவில் வேறுபாடு இல்லை. தாயின் உடலில் சுரக்கும் ஓர் இளமை ஹார்மோனும், அதையடுத்துக் கருவில் விழித்துக்கொள்ளும் ஒரு மரபணுவும் ஆண் என்று முடிவுசெய்கின்றன. அதன்பின் பெண்கள் இடும் சிறப்பு முட்டைகள் ஆணோடு சேர்ந்தால்தான் கருவுறும். இரண்டு முட்டைகளைப் பொதிந்த, குதிரைச் சேணம் போன்ற கருத்த உறை ஒன்று தாயின் தோலுரிப்போடு கழன்று, மிதந்தோ மூழ்கியோ சேற்றைச் சேர்கிறது. இந்த உறக்க முட்டைகள் வறட்சியையும் உறைபனியையும் தாங்கும். பறவையின் குடல் வழியே போய் வேறொரு குளத்தில் உயிரோடு விழுவதும் உண்டு. நல்ல காலத்தில் ஒரே தாயின் நகல்களைப் பெருக்கி, கெட்ட காலத்தின் வாசலில் மரபணுக்களைக் கலைத்துப் புதிய சேர்க்கைகளைச் சேற்றில் சேமித்து வைக்கும் இந்த ஏற்பாட்டில், நகல் பிறப்பின் வேகமும் கலப்பின் பன்மையும் ஒரே உயிருக்குக் கிடைத்துவிடுகின்றன.

நகல்களுக்குள் பரிணாமம் எப்படி நடக்கும் என்ற ஐயத்துக்கும் இதுவே விடை. ஒரு நகல் வரிசைக்குள், அதாவது ஒரே தாயின் நகல்களுக்குள், மாற்றம் மெதுவாகத்தான் வரும். ஆனால் ஒரு குளத்தில் ஒரே வரிசை இருப்பதில்லை. உறக்க முட்டைகளிலிருந்து வெளிவந்த நூற்றுக்கணக்கான வரிசைகள் பருவத் தொடக்கத்தில் ஒன்றாக நீந்துகின்றன. உப்பு கூடினால் உப்பைத் தாங்கும் வரிசைகள் பெருகுகின்றன, மற்றவை மறைகின்றன. எஞ்சியவை பருவ இறுதியில் தமக்குள் கலந்து அடுத்த முட்டைகளை இடுகின்றன.

சேற்றில் கிடக்கும் இந்த முட்டைகள் ஆய்வாளர்களுக்கு ஒரு பெரும் பேறு. ஏரியின் அடிச்சேறு ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகப் படிகிறது. அதைக் குழாயால் எடுத்து, அடுக்குகளின் காலத்தைக் கணித்து, ஒவ்வொன்றிலும் உள்ள முட்டைகளைப் பொரிக்கவைத்தால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய முன்னோர்களும் இன்றைய சந்ததியும் ஒரே மேசையில் ஒரே நீரில் உயிரோடு நீந்துகின்றன. பழைய உடலையும் புதிய உடலையும் இப்படி நேருக்குநேர் ஒப்பிட முடியும் உயிர்கள் மிகச் சிலவே.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகள் சூழ்ந்த கான்ஸ்டன்ஸ் ஏரியில், 1960களிலும் 70களிலும் பாஸ்பரஸ் மாசு பெருகி நீலப்பச்சைப் பாசி கூடியது. அந்த ஏரியின் டாஃப்னியா காலியேட்டா முட்டைகளைப் பொரித்துப் பார்த்த ஆய்வு 1999இல் வெளியானது. மாசுக்கு முந்தைய அடுக்குகளிலிருந்து வந்தவை நச்சுப் பாசி கலந்த உணவில் மிகவும் நலிந்தன. மாசு பெருகிய பின் வந்தவை அந்த அளவுக்கு நலியவில்லை. ஓரிரு பத்தாண்டுகளுக்குள்ளேயே இனக்கூட்டத்தின் மரபு மாறிவிட்டிருந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஃபெல்பிரிக் ஏரியில் 1955–65 அடுக்குகளையும் 1995–2005 அடுக்குகளையும் ஒப்பிட்டபோது, பிந்தைய டாஃப்னியா மேக்னா கூடுதல் வெப்பத்தைத் தாங்கியது. ஆய்வு 2015இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சவுத் சென்டர் ஏரியில் சுமார் 700 ஆண்டு பழைய முட்டைகளைக்கூடப் பொரிக்கவைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய வரிசைகள் பாஸ்பரசை இன்றையவற்றைவிடச் சிக்கனமாகப் பயன்படுத்தின. வேளாண்மையால் ஏரிக்குள் பாஸ்பரஸ் குவிந்த பிறகு அந்தச் சிக்கனம் தளர்ந்துவிட்டது.

பெல்ஜியத்தின் ஊட் ஹெவர்லே குளம் எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது. ஒரே சிறு குளம் இரண்டு பெரிய செய்திகளைச் சொல்கிறது. அங்கே மீன் விடப்பட்ட அளவு பல ஆண்டுகளில் ஏறி இறங்கியது; மீன் மணத்துக்குத் தெள்ளுகள் காட்டும் நடத்தையும் அதைப் பின்தொடர்ந்து மரபளவில் ஏறி இறங்கியதை 2001இல் காட்டினார்கள். பாஸ்டூரியா ரமோசா என்ற ஒட்டுண்ணிப் பாக்டீரியாவின் வித்துக்களும் அதே சேற்றில் கிடந்தன. 2007இல் வெளியான ஆய்வில், ஒரு காலத்துத் தெள்ளை அதே காலத்து ஒட்டுண்ணியோடும், முந்தைய, பிந்தைய காலங்களின் ஒட்டுண்ணிகளோடும் சேர்த்துப் பார்த்தார்கள். சமகால ஒட்டுண்ணியே அதிகமாகத் தொற்றியது. இருபுறமும் இடைவிடாது மாறிக்கொண்டிருந்ததால், ஒன்று மற்றதை நிலையாக வென்றுவிடவில்லை.

இனி, பழகிக்கொள்ளலும் பரிணாமமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் வாழும் டாஃப்னியா மெலனிக்கா, கடும் புற ஊதாக் கதிரிலிருந்து தற்காத்துக்கொள்ள உடலில் கருநிறமி சேர்த்துக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டில் அந்த ஏரிகள் சிலவற்றில் டிரவுட் மீன்களை விட்டார்கள். கறுத்த தெள்ளு மீனின் கண்ணில் பட்டுவிடும். மீன் விடப்பட்ட ஏரிகளில் தெள்ளுகள் வெளுத்தன. அதோடு, கதிர் கூடும்போது கறுக்கும் அந்த நெகிழ்வும் அவற்றில் குறைந்துபோனது. உடனடி எதிர்வினையாக இருந்த ஒன்றைப் பரிணாமம் சில பத்தாண்டுகளில் தேய்த்துவிட்டது என்பதை இந்த ஏரிகளில் காண்கிறோம். நெகிழ்வு பரிணாமத்துக்கு மாற்று என்று கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தாங்குதிறன் எப்போதும் ஆதாயமாகவே முடியும் என்றும் கொள்ளக்கூடாது. பனி உருகச் சாலைகளில் தூவும் உப்பு ஏரிகளில் சேர்வது குளிர்நாடுகளின் நெருக்கடி. உப்பு கூடிய நீரில் வளர்க்கப்பட்ட டாஃப்னியா பியூலெக்ஸ் கூட்டங்கள் இரண்டரை மாதத்தில், அதாவது ஐந்து முதல் பத்துத் தலைமுறைகளில், கூடுதல் தாங்குதிறன் பெற்றதாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே கூட்டங்களில் உடலின் நாள்கடிகாரத்தை இயக்கும் மரபணுவின் ஏற்ற இறக்கம் குலைந்திருந்ததையும் அதன் தொடர்ச்சியான ஆய்வு காட்டியது. பகலில் இறங்கி இரவில் ஏற வேண்டிய ஓர் உயிருக்கு அது சிறிய இழப்பு அன்று.

இவ்வளவு எதிர்வினைகளுக்கு மரபணுத் தொகுதியில் இடம் எங்கே என்றால், 2011இல் டாஃப்னியா பியூலெக்ஸின் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டபோது ஒரு குறிப்புக் கிடைத்தது. ஓட்டுடலிகளில் அப்படிப் படிக்கப்பட்ட முதல் தொகுதி அது. ஏறத்தாழ 20 கோடி எழுத்துகள் கொண்ட சிறிய தொகுதிக்குள் 30,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால மறுகணக்கீடு அதை 20,000க்குக் கீழே இறக்கியது. எனவே பழைய எண்ணைச் சான்றாகக் காட்டுவதை இனித் தவிர்ப்பது நல்லது. ஆனால் மரபணுக்கள் அடுத்தடுத்து இரட்டித்திருப்பதும், அப்படிப் பிறந்த படிகள் வெவ்வேறு சூழலில் வெவ்வேறு அளவில் வேலை செய்வதும் முக்கியமானவை. முன்பு சொன்ன ஹீமோகுளோபின் மரபணுக்களே இதற்குச் சான்று: வரிசையாக அமைந்த பல படிகளுள் சில மட்டும் ஆக்சிஜன் குறைவில் ஓங்கி ஒலிக்கின்றன.

நடைமுறையில் இதன் விளைவு நச்சுச் சோதனைகளில் தெரிகிறது. உலகெங்கும் ரசாயனங்களை மதிப்பிட நீர்த்தெள்ளுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வகுத்த முறைகளில், பிறந்து 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள் 48 மணி நேரத்தில் எத்தனை அசைவிழக்கின்றன என்று பார்ப்பது ஒன்று, 21 நாளில் எத்தனை குஞ்சுகள் பெறுகின்றன என்று எண்ணுவது இன்னொன்று. இவை தேவையான சோதனைகள்தான். ஆனால் ஒரே ஆய்வக வரிசையில் கிடைத்த எண்ணை ஏரியில் வாழும் கலப்புக் கூட்டத்துக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. வரிசைக்கு வரிசை தாங்குதிறன் வேறுபடும், தாய் வாழ்ந்த நிலையும் முடிவை மாற்றும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, கொல்லாமலே கெடுக்கும் ரசாயனங்கள். இதுவரை சொன்ன காப்புகள் எல்லாம் நீரில் கரைந்த செய்திகளைச் சரியாகப் படிப்பதில்தான் நிற்கின்றன. தாமிரம் உயிரைப் பறிக்காத அளவில் கலந்திருந்தாலே, காவோபோரஸ் மணத்துக்கு டாஃப்னியா பியூலெக்ஸ் பிடரிப் பற்களை வளர்ப்பது குறைந்துவிடுகிறது. பைரிபிராக்சிஃபென் போன்ற பூச்சிக்கொல்லிகள் இளமை ஹார்மோனைப் போலிசெய்வதால், உணவும் வெளிச்சமும் நிறைந்த நல்ல பருவத்திலேயே தாய்கள் மகன்களைப் பெறத் தொடங்குகின்றன. 48 மணி நேரச் சோதனையில் அந்தத் தெள்ளுகள் அனைத்தும் நலமாக நீந்திக்கொண்டிருக்கும்.